பெங்களூரிலிருந்து ஊருக்கு விமானத்தில்: தூரத்தையும் நேரத்தையும் கணக்குப் போடுவது எப்படி?

அக்கா மகன் வேலை கிடைத்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. முதல் தடவையாக வேளச்சேரிக்குப் போகவேண்டும். "மாமா, சென்னைக்கு ஃப்ளைட் ஒரு மணி நேரம்தானே? ஒன்பது மணி ஃப்ளைட்ல ஏறினா பத்தரைக்கெல்லாம் அம்மா கையால டிபன் சாப்பிட்டுடலாம்" என்றான். அல்சூரில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் இருவருமாகக் கணக்குப் போட்டோம். பெங்களூருக்குப் புதிதாக வந்திருக்கும் நம்மவர்கள் எல்லோருக்கும் அந்தத் தாள் உதவும் என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தூரம்

ஒரே இரண்டு ஊருக்கு நடுவே மூன்று தூரம் உண்டு. பெங்களூர்–சென்னை சாலை வழியாகச் சுமார் 350 கி.மீ., ரயிலில் சுமார் 360. தேவனஹள்ளியில் இருக்கும் கெம்பேகவுடா விமான நிலையத்திலிருந்து மீனம்பாக்கத்துக்கு நேர்க்கோட்டில் 268 கி.மீ.தான். விமானத் தூரம் என்று எங்கே பார்த்தாலும் அது இந்த நேர்க்கோட்டுத் தூரம். பூமி உருண்டை என்பதால் அந்தக் கோடு லேசாக வளைந்தது, ஆனால் இவ்வளவு கிட்டத்தில் அந்த வளைவைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை.

இதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு தடவை கையால் போட்டால் அப்புறம் எந்த எண்ணைப் பார்த்தாலும் சரியா தப்பா என்று தெரிந்துவிடும். பெங்களூர் விமான நிலையம் வடக்கு 13.20 பாகை, கிழக்கு 77.71. சென்னை வடக்கு 12.99, கிழக்கு 80.17. அட்சரேகையில் ஒரு பாகை என்பது ஏறக்குறைய 111 கி.மீ. தீர்க்கரேகையில் ஒரு பாகை நம் பக்கத்தில் சுமார் 108 கி.மீ. வடக்கே போகப் போக அது சுருங்கும்.

அட்சரேகை வித்தியாசம் 0.21, அதை 111-ஆல் பெருக்கினால் 23 கி.மீ. தீர்க்கரேகை வித்தியாசம் 2.46, அதை 108-ஆல் பெருக்கினால் 266 கி.மீ. பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணம்தான் மீதி: இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 267 வருகிறது. உண்மையான எண்ணுக்கு ஒரு கி.மீ. குறைவு, அவ்வளவுதான். அக்கா மகன் இதைப் போட்டு முடித்ததும் கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் தானாகவே போட ஆரம்பித்துவிட்டான்.

தேவனஹள்ளியிலிருந்து மற்ற ஊர்களுக்கு வரும் விடைகள் இவை: சேலம் 160, கோயம்புத்தூர் 250, திருச்சி 290, மதுரை 375, தூத்துக்குடி 495 கி.மீ. கணக்குப் போடப் பொறுமை இல்லாதவர்கள் கூகுள் மேப்பில் ஒரு இடத்தை அழுத்திப் பிடித்து, தூரம் அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

டிக்கெட்டில் இருப்பது எந்த நேரம்?

புதிதாகப் பறப்பவர்கள் பலரும் இதில்தான் தடுமாறுகிறார்கள். டிக்கெட்டில் 9.00 – 10.05 என்று போட்டிருந்தால், ஒன்பது மணிக்கு விமானம் தரையை விட்டு எழும்பும் என்று பொருள் இல்லை. நின்ற இடத்திலிருந்து அது நகரத் தொடங்கும் நேரம் 9.00. சென்னையில் போய் நிற்க வேண்டிய இடத்தில் நின்றுவிடும் நேரம் 10.05. நடுவே ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கியபின் மறுபடி ஊர்வது எல்லாம் அதற்குள் அடக்கம். ஆகாயத்தில் இருப்பது நாற்பது நிமிடத்துக்குள்ளும் முடிந்துவிடும். வழியில் ஆகக்கூடிய தாமதத்துக்காக விமான நிறுவனங்கள் கொஞ்சம் நிமிடம் சேர்த்தே போடுவார்கள். அதனால்தான் சில நாள் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து சேர்ந்துவிடுகிறோம்.

தூரம் தெரிந்தால் நேரத்தை ஊகிக்க நான் வைத்திருக்கும் வழி இது. பெரிய ஜெட் விமானம் என்றால் 100 கி.மீ.க்கு ஏழரை நிமிடம், அதோடு 40 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். சென்னைக்கு 20 கூட்டல் 40, ஒரு மணி நேரம். டெல்லி 1,700 கி.மீ., 127 கூட்டல் 40, ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி. டிக்கெட்டைப் பாருங்கள், இதை ஒட்டித்தான் இருக்கும். இறக்கையில் விசிறி சுழலும் சிறிய ஏடிஆர் விமானம் என்றால் 100 கி.மீ.க்கு பன்னிரண்டரை நிமிடம், கூட 30 நிமிடம். மதுரைக்கு அந்தக் கணக்கில் சுமார் 77 நிமிடம் வருகிறது, ஜெட்டில் 68. வேகத்தில் ஐந்து பங்குக்கு மூன்று பங்குதான் இருந்தும் வித்தியாசம் பத்து நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஏடிஆர் என்று பயந்து அதிகம் பணம் கொடுத்து வேறு விமானம் தேட வேண்டாம்.

அந்த 40 நிமிடம் எங்கே போகிறது? ஊர்வதில் பாதி போகிறது. மீதி ஏறுவதிலும் இறங்குவதிலும். பத்தாயிரம் அடிக்குக் கீழே விமானத்துக்கு வேகக் கட்டுப்பாடு உண்டு, மணிக்கு 250 நாட், அதாவது சுமார் 460 கி.மீ. அப்புறம் இறங்குவதற்கு நிறைய இடம் வேண்டும். ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் என்பது விமானிகள் கணக்கு. 25,000 அடியில் பறந்தால் இறங்கி முடிக்க 75 கடல் மைல், கிட்டத்தட்ட 140 கி.மீ. மொத்த வழியே 268 கி.மீ. என்பதால் சென்னை விமானம் பாதி வழியிலேயே இறங்கத் தொடங்கிவிடுகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் நன்றாகவே தெரியும். கோலார் பக்கத்து ஏரிகள் கண்ணில் பட்டு, பாலாற்றின் வெளிறிய மணல் தெரிய ஆரம்பிக்கும்போதே என்ஜின் சத்தம் தணிந்து காது அடைக்கும். கைக்குழந்தையோடு போகிறவர்கள் அந்த நேரத்துக்குப் பால் புட்டியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை விழுங்க விழுங்க காதடைப்பு விடும்.

காற்றும் கணக்கை மாற்றும். பெங்களூரின் இரண்டு ஓடுபாதைகளும் கிழக்கு மேற்காக அமைந்தவை. காற்றை எதிர்த்துத்தான் விமானம் ஏறும், இறங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து காற்று அடிக்கும் மாதங்களில், கிழக்கே சென்னைக்குப் போகவேண்டிய விமானம் பெரும்பாலும் மேற்கு நோக்கி எழும்பிச் சுற்றித் திரும்பும். சென்னையிலும் கடல் பக்கம் போய்த் திரும்பி வந்து இறங்கவேண்டியிருக்கும். நவம்பர், டிசம்பரில் வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று வந்ததும் எழும்பினதும் நேராகச் சென்னைப் பக்கம், இறங்குவதும் நேராக. ஒரே விமானம், ஒரே தூரம், ஆனால் பத்து நிமிடம் வரை கூடும், குறையும். போகும்போது இழந்த நிமிடங்கள் அதே பருவத்தில் திரும்பி வரும்போது கிடைத்துவிடும்.

வாசலிலிருந்து வாசல் வரை

இப்போது அந்தக் காலண்டர் தாளுக்கு வருவோம். பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வரவேண்டும்.

விமானம் 9.00. உள்நாட்டு விமானங்களுக்குப் பொதுவாகப் பை ஒப்படைக்கும் கவுண்டரை ஒரு மணி நேரம் முன்னால், அதாவது 8.00-க்கு மூடிவிடுவார்கள். ஏறும் வாசலை 25 நிமிடம் முன்னால், 8.35-க்கு மூடிவிடுவார்கள். பையோடு போகிற புதியவர் 7.15-க்கு விமான நிலையத்தில் இருந்தால் பதற்றம் இல்லை. எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து தேவனஹள்ளி சுமார் 55 கி.மீ. விடியற்காலையில் காரில் ஒன்றரை மணி நேரம், ஹெப்பாளில் மாட்டினால் அதற்கு மேல். ஆகவே 5.30-க்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். பிஎம்டிசி என்னும் பெங்களூர் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் வாயு வஜ்ரா பேருந்தில், கேஐஏ-8 எண்ணில் வருவதானால் இன்னும் அரை மணி முன்னால். மெஜஸ்டிக்கிலிருந்து வருகிறவர்களுக்கு கேஐஏ-9.

10.05-க்கு சென்னை. பை வர 10.30. மீனம்பாக்கத்திலிருந்து வேளச்சேரிக்குக் காரில் 35 நிமிடம், கொஞ்சம் நெரிசல். வீட்டு வாசல் 11.15.

"அஞ்சே முக்கால் மணி நேரமா?" என்று அக்கா மகன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதில் ஆகாயத்தில் இருப்பது நாற்பது நிமிடம்.

சரி, ரயிலுக்கும் போட்டோம். எலக்ட்ரானிக் சிட்டிக்கு 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழி மெட்ரோ வந்துவிட்டது. ஆர்.வி. ரோட்டில் பச்சை வழிக்கு மாறி மெஜஸ்டிக் வர நடையும் சேர்த்து ஒண்ணேகால் மணி. ரயிலுக்கு அரை மணி முன்னால் போய்விடவேண்டும். வந்தே பாரத்தில் சென்னை சென்ட்ரலுக்குச் சுமார் நாலரை மணி. பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறி வேளச்சேரியில் இறங்க ஒரு மணி. மொத்தம் ஏழேகால். விமானத்தில் ஒன்றரை மணி நேரம் மிச்சம். அந்த ஒன்றரை மணிக்கு எவ்வளவு பணம் கூடக் கொடுக்கலாம் என்பதை அவரவர்தான் முடிவு செய்யவேண்டும்.

இதே கணக்கை ஃப்ரேசர் டவுனில் இருந்து பெரம்பூருக்குப் போகிற ஒருவருக்குப் போட்டால் விடை மாறிவிடும். கண்டோன்மென்ட் ஸ்டேஷன் ஆட்டோவில் பத்துப் பதினைந்து நிமிடம், சென்ட்ரலிலிருந்து பெரம்பூர் கூப்பிடு தூரம். விமானத்தில் போனால் மீனம்பாக்கத்திலிருந்து ஊரையே கடந்து வடக்கே போகவேண்டும். இரண்டும் ஐந்தரை, ஆறு மணி நேரத்தில்தான் முடியும். நான் அவரை ரயிலில்தான் போகச் சொல்வேன்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். விமான நிலையம் பெங்களூருக்கு வடக்கே இருக்கிறது. நம் ஊர்கள் எல்லாம் கிழக்கிலும் தெற்கிலும். 2008 மே மாதம் வரை ஊருக்குள்ளேயே எச்.ஏ.எல். விமான நிலையம் இருந்தது. அதே மாதம் தேவனஹள்ளி திறந்தபின், தெற்கு பெங்களூரில் இருப்பவர் ஊருக்குப் போக முதலில் 50 கி.மீ. எதிர்த்திசையில் போகவேண்டியதாகிவிட்டது. சேலத்துக்குப் போகிற எலக்ட்ரானிக் சிட்டிக்காரர் தேவனஹள்ளி போய்ச் சேருகிற நேரத்துக்கு, பேருந்தில் உட்கார்ந்திருந்தால் கிருஷ்ணகிரியைத் தாண்டியிருப்பார். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் இந்த வரிசைக்கு விமானத்தை நினைக்கவே வேண்டாம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வந்தே பாரத் எல்லாம் வருவதற்கு முன்னால், பொம்மனஹள்ளியில் குடியிருந்த காலம். வேலூரில் அப்பாவுக்கு மூச்சு முட்டுகிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று அண்ணன் காலை ஆறு மணிக்கு போன் செய்தான். விமானம்தான் வேகம் என்று யோசிக்காமல் சென்னைக்கு டிக்கெட் எடுத்தேன். விமான நிலையம் போகவே இரண்டு மணி நேரம், விமானம் முக்கால் மணி தாமதம், மீனம்பாக்கத்தில் கார் பிடித்து வந்த திசையிலேயே திரும்பி 130 கி.மீ. வார்டுக்குள் நுழையும்போது மத்தியானம் இரண்டு. எனக்கு அப்புறம் கிளம்பிய என் மச்சான், பேருந்தில் வந்து பதினொன்றரையிலிருந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் "எங்கடா இருக்கே?" என்று அம்மா போனில் கேட்டபோது மீனம்பாக்கம் என்று சொன்னது இன்னும் மனசில் இருக்கிறது. அவசரச் செய்தி வரும் நேரத்தில் யாராலும் நிதானமாகக் கணக்குப் போடமுடியாது. உங்கள் வீட்டிலிருந்து உங்கள் ஊர் வீட்டுக்கு எது வேகம், விடியற்காலை என்றால் எது, ராத்திரி என்றால் எது என்று இன்றைக்கே ஒரு தாளில் எழுதிப் பர்சில் வையுங்கள். வேலூர், காட்பாடி, ஆம்பூர்க்காரர்களுக்கு அந்தத் தாளில் விமானம் வராது.

மதுரைக்கு வந்தால் தராசு விமானத்தின் பக்கம் சாய்கிறது. 2024 ஆகஸ்ட் 31 அன்று தொடங்கிய மதுரை–பெங்களூர் வந்தே பாரத் எட்டு மணி நேரத்தை ஒட்டி எடுத்துக்கொள்கிறது. விமானத்தில் வாசலிலிருந்து வாசல் ஐந்தரை, ஆறு. தூத்துக்குடி, நெல்லைக்காரர்களுக்கு வாகைகுளம் விமான நிலையம் இன்னும் பெரிய உதவி. கோயம்புத்தூருக்கு வடக்கு பெங்களூரில் இருந்தால் விமானம், தெற்கில் இருந்தால் ரயில் அல்லது ராத்திரி பேருந்து.

பொங்கலும் தீபாவளியும் இந்தக் கணக்குக்கு விதிவிலக்கு. முதல் நாள் சாயங்காலம் சில்க் போர்டு சந்திப்பிலிருந்து ஓசூர் சாலையில் அத்திப்பள்ளி தாண்டவே இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அன்றைக்குத் தேவனஹள்ளி சாலை அதைவிடத் தேவலை. ஆனால் டிக்கெட் விலை பயங்கரமாக ஏறியிருக்கும், முன்கூட்டியே எடுத்தவர்களுக்குத்தான் லாபம்.

விமான நிலையத்தில்

பெங்களூரில் இரண்டு டெர்மினல். மூங்கிலும் செடிகொடியுமாக இருக்கும் இரண்டாவது டெர்மினல் 2023 ஜனவரியில் உள்நாட்டு விமானங்களுக்குத் திறந்தது. உங்கள் விமானம் எது என்று டிக்கெட்டில் பார்த்து, கார் ஓட்டுநரிடம் ஏறும்போதே சொல்லுங்கள். தப்பான இடத்தில் இறங்கினால் மாறிப் போகப் பேருந்து உண்டு, ஆனால் இருபது நிமிடம் போய்விடும்.

இணையத்திலேயே பயணத்தை உறுதி செய்யும் வெப் செக்-இன்னை முதல் நாளே முடித்துவிடுங்கள். டிஜியாத்ரா செயலியில் பதிவு செய்தால் நுழைவாயிலில் முகத்தைக் காட்டி உள்ளே போகலாம். பவர் பேங்க் கையில் எடுத்துப் போகும் பையில்தான் இருக்கவேண்டும். ஒப்படைக்கும் பைக்குள் அதை வைத்துவிட்டு, நடுவில் கூப்பிட்டுப் பையைத் திறக்கச் சொன்னால் கால் மணி நேரம் போயிற்று. அம்மா கொடுத்தனுப்பும் ஊறுகாய் ஜாடி திரும்பி வரும்போது இதற்கு நேர் எதிர்: அதை ஒப்படைக்கும் பையில் வையுங்கள்.

தாமதம்

தேவனஹள்ளி மேட்டுநிலம், கடல் மட்டத்திலிருந்து 915 மீட்டர். குளிர்காலத்தில் விடியற்காலை மூடுபனி இறங்கும். டிசம்பர், ஜனவரியில் ஐந்து முதல் எட்டு மணிக்குள் புறப்படும் விமானத்தை நம்பி முகூர்த்தத்துக்குப் போகாதீர்கள். ஏப்ரல், மே சாயங்காலங்களில் இடிமழை. நவம்பர், டிசம்பரில் சென்னைப் பக்கம் மழை. இது தவிர ஒரே விமானம் நாள் முழுக்க ஊர் ஊராகப் போய்வருவதால், காலையில் ஆன தாமதம் ராத்திரி வரை தொடரும். பனிக்காலம் தவிர மற்ற மாதங்களில் முதல் விமானங்கள்தான் நேரத்துக்குக் கிளம்பும்.

வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்னும் விமான நிலையம் போன பின்னும் ஃப்ளைட்ரேடார்24 செயலியில் உங்கள் விமான எண்ணைப் போட்டு, அந்த விமானம் இப்போது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒன்பது மணிக்கு உங்களை ஏற்றவேண்டிய விமானம் எட்டரைக்கும் புனேயில் நிற்கிறது என்றால் செய்தி வருவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அதை நம்பி நீங்கள் தாமதமாகப் போகாதீர்கள், கவுண்டர் பழைய நேரத்துக்கே மூடிவிடலாம். இந்த மாதிரிக் குறுகிய தூர விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் உணவோ சிற்றுண்டியோ தரவேண்டும் என்பது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.யின் விதி. ஆறு மணி நேரத்துக்கு மேல் என்றால் வேறு விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். கவுண்டரில் பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள்.

வழியில் விமானம் மாறிப் போகிறவர்கள் இரண்டு பயணத்தையும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் எடுங்கள். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால், இரண்டாவது விமானத்தின் பணம் உங்கள் தலையில்.

வெளிநாட்டுக்கு என்றால் டிக்கெட் நேரம் அந்தந்த ஊர் நேரம். ராத்திரி 11.00 பெங்களூர், காலை 6.10 சிங்கப்பூர் என்று இருந்தால் ஏழு மணி நேரப் பயணம் என்று சித்தி பயந்துபோனார். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது, அதைக் கழித்தால் நாலு மணி நாற்பது நிமிடம். தூரம் சுமார் 3,200 கி.மீ. மேலே சொன்ன ஏழரை நிமிடக் கணக்கைப் போட்டாலும் அதே விடைதான் வருகிறது. துபாய்க்குப் போகும்போது எதிர்ப்பக்கம், அங்கே ஒன்றரை மணி நேரம் பின்னால்.

திரும்பி வரும்போது

திங்கட்கிழமை காலை முதல் விமானத்தில் வந்து நேராக ஆபீஸ் போய்விடலாம் என்று எல்லோரும் ஒரு தடவை நினைப்பார்கள். ஏழரைக்குத் தேவனஹள்ளியில் இறங்கி, பை எடுத்து எட்டு மணிக்கு வெளியே வந்தால், ஹெப்பாளிலும் சில்க் போர்டிலும் ஆபீஸ் நெரிசல் உச்சத்தில் இருக்கும். எலக்ட்ரானிக் சிட்டிக்கு இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கடைசி விமானத்தில் வந்து பதினொரு மணிக்கு இறங்கினால், அதே 55 கி.மீ. காலியான சாலையில் ஒண்ணேகால் மணி. ஒரு மணிக்கெல்லாம் படுத்துவிடலாம். அக்கா மகனுக்கு ஞாயிறு ராத்திரி டிக்கெட்தான் எடுத்தோம்.